தகரப் பெட்டியிலிருந்து வெள்ளித்திரைக்கு

மலைநாட்டுத் தோட்டங்களிலே லயக் காம்பிராக்களில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புச் சான்றிதழ், பிரசாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதிக் கடிதம், இந்தியாவுக்குப் போன உறவினர் எழுதிய பழைய தபால்கள் ஆகியவற்றோடு, பளபளவென்று மின்னும் வட்டத் தகடுகள் சிலவும் அப்பெட்டியின் அடியிலே கிடப்பதைக் காணலாம். அக்காளின் கலியாணம், மாரியம்மன் கோவில் தேர், மாசி மாதத்துக் காமன் கூத்து, பாடசாலைப் பரிசளிப்பு விழா என்று மையால் எழுதி வைக்கப்பட்ட இறுவட்டுகள் அவை.

அவற்றைப் போட்டுப் பார்த்த கருவிகள் பழுதாகி ஆண்டுகள் பல சென்றுவிட்டன. இன்று விற்பனையாகும் மடிக்கணனிகள் பலவற்றில் இறுவட்டைச் செலுத்துவதற்கு இடமே இல்லை. கைத்தொலைபேசியில் உலகம் முழுவதையும் பார்க்கும் பிள்ளைக்குத் தன் பாட்டனார் ரதி வேடம் புனைந்து ஆடிய காட்சியைப் பார்க்க வழியில்லை என்பது விந்தையன்றோ!

மாணவர் சிலர் இது குறித்து நம்மிடம் வினவினர். "எங்க தோட்டத்துக் காமன் கூத்த டவுன் தியேட்டர்ல பெரிய திரையில காட்ட ஏலுமா, சேர்?" என்பது அவர்தம் கேள்வி. காட்டலாம், ஆனால் இறுவட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தல் ஆகாது. படமாளிகையின் எந்திரம் அறிந்த மொழி வேறு, இறுவட்டின் மொழி வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வழி இன்று எவர்க்கும் எட்டும் நிலையில் இருக்கிறது. பட்டணத்துக் கலைக்கூடங்களுக்குப் பணம் கட்டாமலே, பாடசாலைக் கணனி ஒன்றைக் கொண்டு அதனைச் செய்துவிடலாம்.

வட்டுகளின் மதிப்பு

கலியாண வட்டைப் பெரிய திரையில் காட்டுவது வீண் ஆடம்பரம் என்று சிலர் நகைக்கக் கூடும். மலையகத்தின் உருவத்தைப் படச்சுருளில் பதித்தவர் யாவர், அச்சுருள்கள் என்னவாயின என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தால் அந்த நகைப்பு அடங்கும்.

1934ஆம் ஆண்டில் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர், தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் 'சோங் ஒப் சிலோன்' என்ற விவரணப் படத்தை எடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம் அது. 1681இல் வெளிவந்த ரொபட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த வாசகங்களை லயனல் வெண்ட் அதில் வாசிக்கிறார். தேயிலையின் சந்தை விலையைக் கூறும் குரல்களையும் அதில் கேட்கலாம்; கொழுந்து பறிப்பவளின் குரலைக் கேட்க இயலாது. அப்படம் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் காப்பகத்திலே பத்திரமாக இருக்கிறது, டி.வி.டி. வடிவிலும் வெளிவந்துவிட்டது.

நம்மவர் எடுத்தவற்றின் கதை வேறு. 1963இல் கிருஷ்ணகுமார் 'தோட்டக்காரி' என்னும் படத்தை எடுத்து, தோட்ட வாழ்வைத் தமிழ்ப் படத்தில் கொண்டுவந்தார். தொழிற்சங்கவாதியும் நடிகருமான வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று', 1978இல் 'நான் உங்கள் தோழன்', 1981இல் 'நாடு போற்ற வாழ்க' ஆகிய படங்களைத் தயாரித்து நடித்தார். இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் காலத்தாலும் கவனிப்பின்மையாலும் மறைந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாக, அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் அத்தீயிலே போயின என்பதை மறத்தலாகாது. தீக்கு மொழி வேற்றுமை தெரிவதில்லை.

ஆகவே, தோட்ட மக்கள் தம்மைத் தாமே படம் பிடித்து வைத்த சாட்சியம் எங்கே இருக்கிறது என்று தேடினால், தகரப் பெட்டிக்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது. அதுவும் நிலையாக இருக்குமென்று சொல்வதற்கில்லை. வீட்டிலும் கடையிலும் பதிவு செய்யப்பட்ட இறுவட்டில் காட்சியைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய சாயப் படலம். வெயிலும் ஈரமும் அதனைக் கெடுக்கும். நுவரெலியாவின் பனி மூட்டத்திலும் அட்டனின் ஓயாத மழையிலும் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது உயிர்களோடு அவ்வீடுகளின் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. இரண்டாவது பிரதி வேறோர் இடத்தில் இல்லாத காட்சி, அரைகுறையாகவே காப்பாற்றப்பட்ட காட்சியாகும்.

படமாளிகையின் மொழி

முன்னாளில் படமாளிகைக்குப் படம் சுருளாக வந்தது. வினாடிக்கு 24 படம் வீதம் ஓடும் 35 மில்லிமீற்றர்ச் சுருள், நிமிடத்துக்கு 90 அடி செல்லும். இரண்டரை மணி நேரப் படமென்றால் 13,500 அடி. அந்தச் சுமையைப் புகைவண்டியிலும் பஸ்ஸிலும் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய படக் கம்பெனிகள் கூடி, சுருளுக்குப் பதிலாகக் கணனிக் கோப்பைப் பயன்படுத்துவதற்கான விதிகளை வகுக்கத் தொடங்கின. அவ்விதிகள் 2005 ஜூலையில் வெளிவந்தன. 2013இல் பியூஜி நிறுவனம் திரையிடலுக்கான படச்சுருள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. தமிழர்க்கு இதில் ஒரு பெருமையுண்டு. சென்னையிலே ஜயேந்திராவும் செந்தில் குமாரும் 1986இல் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம் 'கியூப்' என்னும் திரையிடற் கருவியை ஆக்கி, இந்தியப் படமாளிகைகள் ஆயிரக்கணக்கானவற்றை இம்மாற்றத்துக்குள் கொண்டுவந்தது.

புதிய முறையில் படம் என்பது ஒரே கோப்பன்று, ஒரு கோப்புறை. டி.சி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். காட்சிக்கு ஒரு கோப்பு, ஒலிக்கு ஒரு கோப்பு, எதனை எந்த ஒழுங்கில் ஓட்டுவது என்று கூறும் பட்டியல், இவை வழியிற் கெடாமல் வந்தனவா என்று சரிபார்க்கும் பட்டியல் என அதற்குள் பல உறுப்புகள் உண்டு. ஒன்றின் பெயரை மாற்றினாலும் கருவி ஏற்க மறுக்கும். 'அழகாக இருக்கட்டும்' என்று கோப்புகளுக்குப் புதுப்பெயர் சூட்டும் பழக்கமுள்ளோர் இங்கே கையைக் கட்டிக்கொண்டிருத்தல் நலம்.

இறுவட்டுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேற்றுமையைத் தோட்டத்துச் செக்ரோலைக் கொண்டு விளக்கலாம். முதல் நாள் எல்லோர் பெயரையும் எழுதிவிட்டு, மறுநாள் முதல் புதிதாக வந்தவர், வராதவர் ஆகியோரை மட்டும் குறித்துக்கொண்டு போகும் கணக்கப்பிள்ளை ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். டி.வி.டி. அவ்வாறே செய்கிறது. இடையிடையே ஒரு முழுப்படத்தை எழுதி, அதற்கடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறிக்கிறது. டி.சி.பி.யோ ஒவ்வொரு நாளும் எல்லோர் பெயரையும் முழுவதாக எழுதும் கணக்கப்பிள்ளை. ஒவ்வொரு படமும் தனித்தனியே 'ஜேபெக் 2000' என்னும் முறையில் பதியப்படுகிறது. அதனால் இடம் மிக வேண்டும். வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதித்தால், 40 நிமிடக் காமன் கூத்து 30 ஜிகாபைட் இடத்தைக் கொள்ளும். அதே கூத்து 4.7 ஜிகாபைட் டி.வி.டி.யில் இடம் மிஞ்சக் கிடந்ததென்பதை நினைவிற் கொள்க.

கோப்பு பெருத்துவிட்டதால் படம் தெளிந்துவிடும் என்று எவரும் மயங்க வேண்டா. கணக்கு இது: கலியாண வீடுகளில் வழங்கிய வி.சி.டி.யின் படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. ஏறக்குறைய ஒரு இலட்சம். டி.வி.டி.யின் படம் 720க்கு 576. நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல். படமாளிகையின் முழு அளவு 2048க்கு 1080. அதாவது 22 இலட்சம். டி.வி.டி.யின் ஒரு புள்ளி திரையிலே ஐந்து புள்ளிகளின் இடத்தை நிரப்ப வேண்டும், வி.சி.டி.யின் ஒரு புள்ளியோ இருபதுக்கு மேற்பட்ட புள்ளிகளின் இடத்தை. மாவு கொஞ்சமாக இருக்க, பெரிய தோசைக்கல்லில் ஊற்றினால் தோசை மெலியுமே தவிர மாவு கூடாது. இல்லாத விவரத்தைக் கற்பனையால் இட்டு நிரப்பும் செயற்கை அறிவுக் கருவிகள் இப்போது உண்டு. அவை வரைந்து தரும் முகம் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது நம் பாட்டியின் முகமாக இராது. மங்கலான உண்மை முகமே நமக்கு வேண்டும் என்பது நம் கட்சி.

வேகம், வடிவம், ஒலி

மாற்றும் வேலையைச் செய்யும் மென்பொருள்களுள் இலவசமாகக் கிடைப்பது ஒன்றுண்டு. கார்ல் ஹெதரிங்டன் என்பவர் 2012இல் அதனை உருவாக்கினார். டி.வி.டி.யைத் திரையரங்குக் கோப்பாக்குவதே அன்று அதன் நோக்கமாதலால் 'டி.வி.டி.-ஓ-மாட்டிக்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். பின்னர் அதன் பயன் விரிய, 'டி.சி.பி.-ஓ-மாட்டிக்' என்று பெயர் மாறிற்று. உலகெங்கும் சிறு படவிழாக்களை நடத்துவோர் அதனைக் கையாளுகின்றனர். இறுவட்டில் உள்ள 'வீடியோ டி.எஸ்.' என்னும் கோப்புறையைக் கணனியில் பிரதி செய்துகொண்டு, அதன் கோப்புகளை மென்பொருளிடம் கொடுத்தால் எஞ்சிய வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும். சாதாரணக் கணனி ஒன்று வினாடிக்கு ஐந்து படம் வீதம் மாற்றுமாயின், 40 நிமிடக் கூத்தின் 60,000 படங்களுக்கு 3 மணி 20 நிமிடம் செல்லும். மாலையில் தொடங்கிவிட்டு வீட்டுப் பாடத்தைப் பார்க்கலாம்.

எந்திரம் தானாகச் செய்ய மாட்டாது நம் தீர்மானத்துக்கு விடும் காரியங்கள் சில உள. இவற்றிலேதான் கவனம் வேண்டும்.

முதலாவது வேகம். இலங்கையில் வழங்கிய பால் முறைத் தொலைக்காட்சியில் வினாடிக்கு 25 படம். திரைப்படமோ 24. ஆதலால் திரைப்படத்தை அம்முறையில் டி.வி.டி.யாக்கியபோது நூற்றுக்கு நான்கு வீதம் வேகமாக ஓடவிட்டார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடமாயிற்று. பாடுபவரின் சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்தது. இத்தகைய வட்டைப் படமாளிகைக்கு மாற்றும்போது 24க்கே திருப்பினால், படம் தன் இயல்பான நடையையும் பாடகர் தம் இயல்பான குரலையும் மீளப் பெறுவர். வீட்டுக் கமராவில் எடுத்த காமன் கூத்துக்கு இது பொருந்தாது. அது பிறக்கும்போதே 25இல் பிறந்தது. அதனை 24க்கு இழுத்தால் தப்பின் தாளம் தளர்ந்துவிடும். தப்படிப்போர் ஒருவர் அருகிருந்து கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே படமாளிகையின் கருவி 25ஐ ஏற்குமா என்று முன்னரே கேட்டறிந்து, ஏற்குமாயின் 25ஆகவே விடுதல் வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப்பட டி.வி.டி.களில் பல அமெரிக்க முறையில், 30க்கு மிக அண்மையான வேகத்தில் அமைந்தவை. அவற்றின் சிக்கல் தனி.

இன்னொன்று, கோடு விட்டுக் கோடு எழுதும் வழக்கம். வீட்டுக் கமரா ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒற்றைக் கோடுகளை முதலிலும் இரட்டைக் கோடுகளை அடுத்தும் பதிக்கும். சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் இது தெரிவதில்லை. பெரிய திரையிலோ ஆடுபவரின் வீசும் கையில் சீப்புப் பற்கள் முளைத்தது போலத் தோன்றும். இந்த இரு பாதிகளையும் இணைத்துச் சீராக்கும் வசதி அம்மென்பொருளிலேயே உண்டு. அதனை இயக்க மறத்தலாகாது.

அடுத்தது வடிவம். பழைய வட்டுகளின் படம் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். இன்றைய திரை அகன்றது. இடம் காலியாக இருக்கிறதே என்று படத்தைப் பக்கவாட்டில் இழுப்பவர் உளர். அப்போது மணப்பெண் திடீரெனப் பருத்துவிடுகிறாள். மேலும் கீழும் வெட்டி அகலமாக்குபவரும் உளர். 1964இல் வெளிவந்த 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் வெற்றியோடு ஓடியது யாவரும் அறிந்ததே. சுருளிலிருந்து பெரும்பொருட் செலவில் செய்த அந்த வேலையிற்கூட, படத்தைச் சினிமாஸ்கோப் அளவுக்கு அகலப்படுத்தியதை நாம் முழுமனத்தோடு பாராட்ட மாட்டோம். நான்குக்கு மூன்று என்று எடுத்ததை, 1998க்கு 1080 என்னும் சட்டத்தின் நடுவே 1440க்கு 1080 என வைத்து, இருபுறமும் கறுப்பாக விட்டுவிடுவதே முறை. காமன் கூத்தில் காலும் முக்கியம், தலையிலுள்ள முடியும் முக்கியம், எதை வெட்டுவது?

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் கமராவின் ஒலி பெரும்பாலும் ஒற்றை ஒலி. அதனை இடது, வலது ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டால், ஓரத்தில் இருப்பவர் காதில் ஒரு பக்கத்து இரைச்சலே விழும். திரையின் நடுவே பின்னால் இருக்கும் ஒலிபெருக்கிக்கு அதனை அனுப்புதல் வேண்டும். பேச்சு பேசுபவரின் வாயிலிருந்தே வருவது போலக் கேட்கும். ஆனால் கலியாண வட்டுகளிலே நம்மை வருத்துவது வேறொன்று. படம் பிடித்த அன்பர்கள், உறவினரின் பேச்சையும் நலுங்குப் பாட்டையும் அழித்துவிட்டு, அவற்றின் மேல் சினிமாப் பாட்டை ஏற்றிக் கொடுத்தார்கள். மறைந்த பெரியவர்கள் வாயசைக்கிறார்கள். என்ன சொன்னார்களென்று இனிக் கேட்க வழியில்லை. யாரிடமாவது வெட்டாத மூல ஒளிநாடா எஞ்சியிருந்தால், வட்டை விட அதற்கே முதலிடம் கொடுங்கள்.

உரிமை

நாம் எடுத்தது நமக்குரியது. கடையில் வாங்கிய படத்தின் வட்டு நம் கையில் இருப்பதனால் அதனை ஊர்கூட்டிக் காட்டும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இலங்கையில் ஒரு திரைப்படத்துக்கு அது வெளிவந்த நாளிலிருந்து 70 ஆண்டு பாதுகாப்பு உண்டு. அக்கணக்கில் 'தோட்டக்காரி'க்கே 2033 வரை காலம் இருக்கிறது. எவரேனும் ஒரு பழைய மலையகப் படத்தின் வட்டைக் கண்டெடுத்துத் திரையிட விரும்பினால், உரியவரின் வாரிசுகளைத் தேடிக் கேட்பதே நேர்மை. படக் கம்பெனிகள் தம் கோப்பைப் பூட்டி, குறித்த நாளில், குறித்த கருவியில் மட்டும் திறக்கும் திறவுகோலை அனுப்புகின்றன. நம் கூத்துக்கு அத்தகைய பூட்டு வேண்டியதில்லை. பூட்டினால், திறவுகோல் தொலைந்த பின் நாமே வெளியில் நிற்போம்.

கைவினை

வட்டைக் கையிலெடுக்கும் மாணவர், மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தட்டைக் கழுவுவது போல வட்டமாகத் தேய்த்தல் தீது. அவ்வாறு விழும் கீறல் பதிவு செல்லும் பாதையோடு நெடுக ஓடி, கருவி மீட்க முடியாத அளவு சேதத்தை உண்டாக்கும். பின்னர் வட்டு முழுவதையும் உள்ளது உள்ளபடி கணனியில் பிரதி செய்தல் வேண்டும். கீறல் பட்ட வட்டுகளுக்கு 'டி.டி.ரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருள் பொறுமையோடு உதவும். வாசிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து முயலும். இவ்வாறு எடுத்த மூலப் பிரதியை வெட்டாமலும் திருத்தாமலும் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றொரு பிரதியிலேதான் மாற்று வேலைகளைத் தொடங்க வேண்டும். டி.சி.பி. திரையிடுவதற்கு உரியது, காப்பதற்கு உரியது மூலப் பிரதியே. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி, டி.சி.பி. கிடைத்ததும் வட்டைக் குப்பையில் எறிந்துவிட வேண்டா.

படமாளிகைக்குக் கோப்புறையைக் கொண்டு செல்லும் வன்தட்டும் அங்குள்ள கருவி படிக்கும் முறையில் அமைந்திருக்க வேண்டும். பல கருவிகள் லினக்ஸ் முறையை விரும்புகின்றன. காட்சி நாளன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதை விட, ஒரு கிழமைக்கு முன்னரே சென்று, திரையிடுபவரின் அனுமதியோடு வெற்று மண்டபத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தல் நன்று. முகத்தின் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ திரிந்திருந்தால், மாற்றும்போது நிற முறை பிழையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்க. திரையரங்கின் நிறக் கணக்கு தொலைக்காட்சியினுடையதன்று.

ஓட்டிப் பார்க்கும் அந்நாளில் தோட்டத்து முதியவர் இருவர் மூவரை உடன் அழைத்துச் செல்லலாம். இருபது ஆண்டுக்கு முந்திய கூத்தில் காமனாக நின்றவர் யார், ரதியாக ஆடியவர் யார், தப்படித்தவர் எந்தப் பிரிவுக்காரர், மூலையில் குழந்தையை இடுப்பில் வைத்து நிற்பவள் யாருடைய மகள் என்பவற்றையெல்லாம் அவர்களே சொல்ல வல்லவர்கள். மாணவர் ஒருவர் கொப்பியும் பென்சிலுமாக அருகில் அமர்ந்து, ஓடும் நிமிடத்தையும் சொல்லும் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும். அப்பெயர்களை எழுத்தாகத் திரையின் அடியில் தோன்றச் செய்யும் வசதியும் அதே மென்பொருளில் இருக்கிறது. தமிழ் எழுத்துருவைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.